கேள்விக் கொத்து: ஒரு தீவுக்கு எத்தனை பிறந்தநாள்?

கேள்வி: என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். கூட வேலை செய்பவர் பிலிப்பைன்சின் போஹோல் மாகாணத்துக்காரர். அவர் தந்த கலண்டரில் மார்ச் 16-ஐ ‘இரத்த உடன்படிக்கை நாள்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் அதே பெயரில் திருவிழா ஜூலையில் நடக்கிறதாம். எது சரி? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: இரண்டும் சரி. நடந்த நாள் வேறு, கொண்டாட வசதியான நாள் வேறு. 1565-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வந்தபோது போஹோல் சனம் அவரைக் கண்டு பயந்தது. இரண்டு வருடத்துக்கு முன் போர்த்துக்கேயர் தங்களை ஸ்பானியர் என்று சொல்லிக்கொண்டு தீவைச் சூறையாடியிருந்தார்கள். பயம் தெளிய, லெகாஸ்பியும் சிக்காத்துனா என்ற தலைவரும் உடம்பைக் கீறி, இரத்தத்தைக் கிண்ணத்தில் கலந்து குடித்தார்கள். அதுதான் ‘சந்துகோ’, ஒரே இரத்தம். ஜூலையில் வேறு இரண்டு நாட்கள் ஏற்கெனவே இருந்தன: மாகாணத் தலைநகர் தக்பிலாரன் நகர அந்தஸ்துப் பெற்ற 1966 ஜூலை 1, மாகாணம் உருவான 1854 ஜூலை 22. திருவிழாவும் அந்த மாதத்தோடு ஒட்டிக்கொண்டது.

அந்த மார்ச் 16-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பழைய யூலியன் கலண்டர்த் திகதி. இன்றைய கணக்குக்கு 10 நாள் கூட்டினால் மார்ச் 26. ஸ்பானியர் மெக்சிக்கோவிலிருந்து பசிபிக் வழியே வந்தபடியால் ஆசியக் கணக்குக்கு ஒரு நாள் பின்னால் நின்றார்கள். அதையும் கூட்டினால் மார்ச் 27. அந்த ஒரு நாள் இடைவெளியை மூட பிலிப்பைன்ஸ் 1844 டிசம்பர் 31-ஐக் கலண்டரிலிருந்தே தூக்கிவிட்டது. திங்கட்கிழமை 30-ஆம் திகதிக்கு அடுத்த நாள் புதன்கிழமை, 1845 ஜனவரி 1! அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே யாருமே பிறக்கவில்லை, இறக்கவுமில்லை.

கேள்வி: போஹோலில் ஸ்பானியருக்கு எதிராக நடந்த தகோஹோய் கிளர்ச்சி 85 வருடம் நீடித்தது என்கிறார்கள். ஒரு மனிதன் 85 வருடம் போராட முடியுமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கிளர்ச்சி 85 வருடம்தான், 1744 முதல் 1829 ஆகஸ்ட் 31 வரை. பிரான்சிஸ்கோ தகோஹோய் அதன் முடிவைக் காணவில்லை, அதற்கு முன்பே இறந்துவிட்டார். கொல்லப்பட்ட சகோதரனைக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யப் பாதிரியார் மறுத்ததில் தொடங்கிய கோபம், மலைக்குள் ஒரு தனி ஆட்சியாகவே வளர்ந்தது. ‘1829-ல் தகோஹோய் தோற்றார்’ என்று எழுதுகிறவர்கள் இறந்தவரைத் தோற்கடிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இதே பிழை தலைகீழாக உண்டு, தோற்றவரை இறந்தவராக்கிவிட்டோம். கற்சிலைமடு நினைவுக் கல்லில், ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31-ல் வன்னித் தலைவன் பண்டார வன்னியனைத் ‘தோற்கடித்தார்’ என்றுதான் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது. இறந்தார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதை நினைவுநாளாக எழுதி எழுதியே இறந்தநாளாக்கிவிட்டோம். முல்லைத்தீவுக் கோட்டையை அவர் பிடித்த 1803 ஆகஸ்ட் 25-ஐயும் பக்கத்தில் எழுதினால்தான் கதை நேராகும்.

கேள்வி: பாடசாலைக்கு ஊர் வரலாற்று நாட்காட்டி தயாரிக்கிறோம். பழைய திகதிகளை எப்படிச் சரிபார்ப்பது? (ஆசிரியர், நெடுங்கேணி)

பதில்: ஒரு கொப்பியில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன நடந்தது, மூலத்தில் எழுதியிருக்கும் திகதி, அது எந்தக் கலண்டர், எப்போது கொண்டாடுகிறார்கள். இரண்டாவது கட்டத்தில் மூலத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். மாற்றிய திகதியை ஒருபோதும் அதற்கு மேல் எழுதாதீர்கள். பிறகு வருகிறவர் இன்னொரு 10 நாளைக் கூட்டிவிடுவார்.

கூட்டுவதற்கும் எல்லை உண்டு. பிலிப்பைன்சில் 1584-இலேயே இன்று நாங்கள் பாவிக்கும் புதிய கலண்டர் வந்துவிட்டது. ஆகையால் தகோஹோய் காலத் திகதிக்கு 10 நாள் கூட்டினால் பிழை. ஆங்கிலேயர் 1752-ல் மாறினார்கள். எனவே எங்கள் 1803 திகதிகளுக்கு எதுவும் கூட்டத் தேவையில்லை.

எங்களுக்குப் பெரிய பொறி தமிழ் வருடப் பெயர்தான். வயதானவர் ‘ருத்திரோற்காரி வருடம்’ என்றால் அது 1803-04ஆகவும் இருக்கலாம், 1863, 1923, 1983-ஆகவும் இருக்கலாம். பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அப்போது யார் உடையார், எந்தக் குளம் உடைந்தது என்று கூடவே கேளுங்கள். ‘வற்றாப்பளைப் பொங்கலுக்கு அடுத்த நாள்’ என்று சொன்னால் அந்த வருடப் பஞ்சாங்கம் இல்லாமல் திகதி போடாதீர்கள், ‘வைகாசி’ என்று விடுங்கள்.

கேள்வி: போஹோல் நிலநடுக்கம் எப்போது? (வாசகர், மாங்குளம்)

பதில்: 2013 ஒக்டோபர் 15, அங்கே காலை 8.12, எங்களுக்கு 5.42. அளவு 7.2. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், லூன், மரிபோஹோக் ஊர்களின் பழைய தேவாலயங்கள் இடிந்தன. அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பள்ளிக்கூடங்கள் வெறுமையாக இருந்தன.