ஆசிட், பினாயிலை நிறுத்திவிட்டால் வீடு சுத்தமாக இருக்குமா?

கேள்வி: "பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குப் போர் தண்ணீர்தான், வீட்டில் பழைய மொசைக் தரை. ஆசிட், பினாயில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இயற்கைப் பொருள்களுக்கு மாறலாமா? அவை நிஜமாகவே வேலை செய்யுமா?"

தாராளமாக மாறலாம். எங்கள் வீட்டில் ஆசிட் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஆனால் "இயற்கை" என்று எழுதி ஒட்டியிருப்பதையெல்லாம் நம்பி வாங்கிவிடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் ஏன் நிறுத்தினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கோயம்புத்தூர். குடிக்க, சமைக்கச் சிறுவாணித் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர்வெல் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் புழங்கும் வீட்டில் குழாய், வாளி, டைல்ஸ் எல்லாமே வெள்ளை பூத்துப் போகும். அதற்காகவே, டிவிஎஸ் வண்டியில் "ஆசிட், பினாயில், சோப்பாயில்" என்று மைக் வைத்துக்கொண்டு வருபவரிடம் மாதா மாதம் வாங்குவோம். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருவார். லேபிள் ஒன்றும் இருக்காது. பார்த்தால் குடிதண்ணீர் போலத்தான் இருக்கும். 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது; வாங்குபவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றது. எங்கள் தெருவில் நான் எந்தப் பதிவேட்டையும் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் பாத்ரூம் மூலையில் பாசி பிடித்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தார். போகவில்லை என்றதும் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார். மழைச்சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். இருமல் சத்தம்தான் முதலில் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், "கண்ணைத் தொறக்க முடியலைங் அம்மிணி, நெஞ்சுக்குள்ள எரியுது" என்றார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்து, ஒரு ராத்திரி தங்க வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை.

வந்தது குளோரின் வாயு. பிளீச்சிங் பவுடர் மேல் எந்த ஆசிட் விழுந்தாலும் அது வரும். காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோரமாகப் படியும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் பதுங்குகுழிக்குள் இறங்கிச் சிப்பாய்களைக் கொன்றதும் இதே வாயுதான். குத்தவைத்துத் தரை தேய்ப்பவரின் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பாப்பா தவழும் உயரமும் அதுதான்.

அந்த இரண்டு பாட்டில்களையும் வாங்கி ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான். மூச்சில் இழுத்தது அவர். இந்த விஷயத்தில் எனக்கு அப்போது உறைத்ததும், இன்றுவரை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான். பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டவர்களை 20 வருடம் பின்தொடர்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டைச் சுத்தம் செய்த பெண்களுக்கும், துப்புரவு வேலை பார்த்த பெண்களுக்கும் நுரையீரல் திறன் மற்ற பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. பெரும்பாலான வேலைக்கு நல்ல மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீருமே போதும் என்பது அவர்கள் சொன்ன யோசனை.

சரி, வேலைக்கு வருவோம். போர் தண்ணீர் வீட்டில் ஆசிட் தேவைப்படுவதே அந்த வெள்ளைப் படிவத்துக்காகத்தான். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அழுக்கே இல்லை, கல். அதனால் சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அமிலத்தில்தான் கரையும். அதற்கு இவ்வளவு வீரியமான அமிலம் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். அவிழ்க்கும்போது படிவம் ஊறிய சுண்ணாம்பு மாதிரி குழைந்திருக்கும். பழைய டூத் பிரஷால் இரண்டு இழுப்பு, அப்புறம் நிறைய தண்ணீர். பல வருடப் படிவம் என்றால் ஒரே தடவையில் போகாது, நான்கைந்து தடவை ஆகும். ஆசிட் ஒரு நிமிடத்தில் செய்வதற்கு இது அரை மணி நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். அந்த அரை மணி நேரத்தில் யாரும் அங்கே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: எலுமிச்சை உப்பும் அமிலம்தான். இதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது, கண்ணில் படவும் கூடாது.

கழிப்பறைக் கோப்பைக்கும் இதே கரைசல்தான். ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் தேய்க்கிறோம். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். அதை நிறுத்த மனம் வராவிட்டால், பிளீச்சிங் பவுடரை வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

தரை துடைக்கப் பினாயில் தேவையே இல்லை. அழுக்கை எடுப்பது துணியும் தண்ணீரும். பினாயில் தருவது பெரும்பாலும் வாசனைதான். கறுப்புப் பினாயிலில் தார் எண்ணெயிலிருந்து வரும் ஃபீனால் வகைகள் இருக்கும். பூனைகளின் ஈரலால் இவற்றைச் சரியாக முறிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே ஆபத்து. உங்கள் பாப்பாவும் தரையில் கை வைத்துவிட்டு அதே கையை வாயில் வைப்பாள். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சோப்பாயில், பிறகு ஒரு முறை வெறும் தண்ணீர். அவ்வளவுதான்.

பாத்திரம் விளக்க ஏற்கெனவே நம் வீடுகளில் இருந்ததுதான். எண்ணெய்ப் பிசுக்குக்கு அரப்புத் தூள் அல்லது சீயக்காய், பித்தளைக்குப் புளி, தேய்க்கப் பீர்க்கங்கூடு. தினமும் மூன்று வேளைப் பாத்திரத்துக்கு அரப்பு கட்டுப்படியாகாது என்றால் சாதாரண பாத்திர சோப்பே போதும், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இப்போது அந்த "இயற்கை" விஷயம். பழத்தோலை ஊறவைத்துச் செய்யும் பயோ என்சைம் பற்றிக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெல்லம் ஒரு பங்கு, ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். நானும் செய்கிறேன், நீர்த்துத் தரை துடைக்க நன்றாகவே இருக்கிறது. கண்ணாடி பாட்டிலில் மட்டும் போடாதீர்கள். முதல் மாதம் வாயு பொங்கும், தினமும் மூடியைத் தளர்த்திவிட வேண்டும். ஆனால் இது கிருமிநாசினி என்று விற்பதை நான் ஏற்கவில்லை. இதில் இருப்பது பெரும்பாலும் காடி போன்ற மென்மையான அமிலம். அதேபோல் வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று அமிலம், மற்றது காரம், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைசல். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பூந்திக்கொட்டை பட்டுக்கும் நகைக்கும் அருமையானது, ஆனால் அதன் நுரை கண்ணில் பட்டால் எரியும், குளத்தில் கலந்தால் மீன் மயங்கும். மரத்தில் காய்த்தது என்பதற்காக எதுவும் சாதுவாகிவிடாது.

கடையில் வாங்கும்போது பச்சை இலைப் படத்தைப் பார்க்காதீர்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று முழுசாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்திய அரசு 1991-இல் ஈகோமார்க் என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது, சின்னம் மண்பானை. சோப்பு, டிடர்ஜென்ட் வகைகளும் அதில் அடக்கம். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் தேடித் தேடிப் பார்த்தும் அந்தப் பானை என் கண்ணில் பட்டதில்லை. துணி சோப்பில் பாஸ்பேட் இல்லாததாக வாங்குங்கள். பாஸ்பேட் நீர்நிலைக்குப் போனால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே வீட்டுத் துணி சோப்பில் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. மழை பெய்தால் நொய்யலில் நுரை மலைமலையாகப் பொங்குவதை நான் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆலைக் கழிவு, சாக்கடை எல்லாம் கலந்த நுரை அது. எங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகிறது.

பிளீச் அறவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தால் கழிப்பறைக்கு எலுமிச்சை உப்பு போதாது. அன்றைக்கு மட்டும் சின்ன பாட்டில் பிளீச் வாங்கி, லேபிளில் போட்ட அளவுக்கு நீர்த்து, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு பயன்படுத்துங்கள். வேறு எதையும் அதோடு கலக்காதீர்கள். செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் அடிக்கடி ஊற்றாதீர்கள், கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவும் செத்துப்போகும்.

கடைசியாக, உங்கள் மொசைக் தரை. அதில் பதித்திருப்பது பளிங்குச் சில்லு. அதுவும் அந்த வெள்ளைப் படிவம் போலக் கால்சியம் கார்பனேட்தான். ஆசிட் மட்டுமல்ல, எலுமிச்சை உப்பு, வினிகர், பயோ என்சைம் எது பட்டாலும் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும். அங்கே வெறும் தண்ணீரும் துளி சோப்பாயிலும் மட்டும். துடைத்ததும் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள், போர் தண்ணீர் தரையிலேயே காய விடாமல் பார்த்துக்கொண்டால் வெள்ளை பூப்பது பாதியாகக் குறையும்.