என்சைமுக்கு மாறினால் சுத்திகரிப்புத் தொட்டி வேண்டாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சின்னதாக ஜீன்ஸ் வாஷிங் யூனிட் நடத்துகிறேன். கல் போட்டு அடிப்பதை விட்டு என்சைமுக்கு மாறினேன். இனி சுத்திகரிப்புத் தொட்டியே தேவையில்லை என்கிறார் டீலர். போன லாட்டில் சில பேன்ட்கள் முழங்காலில் கிழிந்துவிட்டன. என்ன செய்வது?

பதில்: என்சைமை விடாதீர்கள், டீலரை மாற்றுங்கள்.

இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். பருத்தி நாரைச் சிதைக்கும் புரதமான செல்லுலேஸ் என்சைம் அந்த மேல்தோலை அரிக்க, மெஷின் சுழற்சியில் நீலம் கழன்று தண்ணீருக்குத்தான் வருகிறது. என்சைமால் இல்லாமல் போவது முன்பு போட்ட பியூமிஸ் கல்லும் (எரிமலைக் கல்) அதன் சேறும்தான். சாயத்தண்ணீர் அப்படியேதான் இருக்கும். திருமணிமுத்தாறு கிடக்கிற கிடப்பைப் பார்த்துக்கொண்டே தொட்டி வேண்டாம் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ!

அடுத்து கிழிசல். உப்பு, சோப்பு போல என்சைம் கரைந்து ஓய்ந்துவிடாது. நிறுத்தும்வரை பருத்தியைத் தின்னும். வாஷ் முடிந்ததும் சோடா ஆஷ் (சலவைச் சோடா) போட்டு பிஹெச்சை (அமில-கார அளவு) 10-க்கு ஏற்றி, 80 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெறும் அலசல் போதாது.

முழங்காலில் மட்டும் கிழிகிறது என்றால் இன்னொன்றும் உண்டு. வெளுத்த தோற்றத்துக்காக முதலிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பீர்கள். அங்கே நூல் ஏற்கெனவே பாதி தேய்ந்துபோனது. மற்ற இடத்துக்குச் சரியான என்சைம் அளவு அங்கே அதிகம். தேய்த்த பேன்ட்களைத் தனி லாட்டாகப் பிரித்துவிடுங்கள், நேரத்தைக் குறையுங்கள், அமிலத் தண்ணீரில் வேலை செய்யும் ஆசிட் வகை என்சைம் வேண்டாம், நடுநிலைத் தண்ணீரில் வேலை செய்யும் நியூட்ரல் வகை போடுங்கள். கொஞ்சம் மெதுவாக வேலை செய்தாலும் துணி தாங்கும், பாக்கெட் துணியிலும் நீலம் குறைவாகவே ஏறும். மெல்லிய டெனிமுக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு பேன்ட்டை முதலில் ஓட்டி, முழங்காலை இரு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு லாட்டைப் போடுங்கள்.

லேபிள் இல்லாத வெள்ளைக் கேனில் வருவதைத் தொடவே தொடாதீர்கள். எந்த பிஹெச், எந்தச் சூடு, கிலோ துணிக்கு எவ்வளவு, காலாவதி எப்போது என்று தாளில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். தகரக் கொட்டகைச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்த என்சைம் வீரியம் இழந்திருக்கும். வேலை செய்யவில்லையே என்று ஆபரேட்டர் இரண்டு மடங்கு ஊற்றுவார். அடுத்து புது கேன் வரும், அதே இரண்டு மடங்கை ஊற்றுவார், துணி போச்சு. டீலருக்கு இரண்டு தடவையும் லாபம்.

தொட்டிக்கு அனுமதி கேட்டால் அதிகாரிகள் படிவத்துக்கு மேல் படிவம் நீட்டுகிறார்கள். உங்கள் தண்ணீரைச் சோதித்து இன்னதை மாற்று என்று சொல்ல ஒருத்தர் வருவதில்லை. சின்ன யூனிட்காரர் தனியாக எத்தனை நாள் அலைவார்? பக்கத்து யூனிட்களையும் சேர்த்துக்கொண்டு மனு கொடுங்கள். அதுவரை சாயத்தண்ணீரை வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள்.