டாக்டர் அனுமதி கொடுத்த பிறகும் கல்லூரி வீரர் ஏன் பழையபடி ஆடுவதில்லை?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், காயம்பட்டுத் திரும்பும் வீரரைப் பற்றி அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "டாக்டரே ஆடலாம் என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பயம்?" மருத்துவ அனுமதி என்றால், களத்தில் இறங்கும் அளவுக்கு ஆபத்து குறைந்திருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். பழைய வேகம் திரும்பிவிட்டது என்று பொருள் இல்லை.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற நார் கிழிந்தால், பெரும்பாலும் வீரரின் உடம்பிலிருந்தே வேறொரு நாரை எடுத்து அங்கே பொருத்துவார்கள். வேடிக்கை என்னவென்றால், பொருத்திய நார் முதல் சில மாதங்களில் இன்னும் பலவீனமாகி, அப்புறம்தான் மெல்ல இறுகும். அதனால்தான் 9 மாதமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். அதற்குள் தொடைத்தசை இளைத்துப்போயிருக்கும். குதித்து இறங்கும்போது கவனியுங்கள்: எடை முழுக்க நல்ல காலில் விழும். சட்டென்று திரும்ப வேண்டிய இடத்தில் அரை நொடி தயக்கம். அந்த அரை நொடியைத்தான் 'ஆர்வமே இல்லை' என்று திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், இது அநியாயம்.

ஈரப் படிக்கட்டில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர், காய்ந்த படியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதானே இறங்குவார்? அவருக்கு நடக்கத் தெரியாது என்றா சொல்வோம்?

அப்புறம், ஆடாத அந்த வருடத்தை ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். சீசன் முழுக்க அந்த வீரர் பயிற்சி அறையில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.