இரவு இரண்டு மணிப் பசி

கேள்வி: 2020இல் கல்லூரியில் சேர்ந்தேன். முதலாண்டு முழுவதும் கட்டிலில் சாய்ந்தபடி கைபேசியில்தான் வகுப்பு. அப்போது கெட்ட தூக்கம் முதுநிலைப் படிப்புக்கு வந்த பிறகும் சீராகவில்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. பக்கத்தில் யாராவது இருமினால்கூடப் பயமாக இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்று பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, இரவு இரண்டு மணிக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் நின்றபடியே தின்றுவிட்டு அழுகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

மனநல மருத்துவர் பதில்: ‘நின்றபடியே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் உங்கள் நிலை எனக்கு விளங்கியது. தட்டில் எடுத்துவைத்து உட்கார்ந்து உண்டால் அது சாப்பாடாகிவிடும், கணக்கில் சேர்ந்துவிடும் என்ற அச்சத்தில், விளக்கைக்கூடப் போடாமல் அடுக்களையில் நின்று தின்பவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஆண்களும் உண்டு.

மன உறுதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உடலாலும் மனத்தாலும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்கள், ஓர் ஆய்வுக்காகத் தாமாக முன்வந்து ஆறு மாதம் ஏறத்தாழப் பாதி உணவில் வாழ்ந்தார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன. எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பே ஓடியது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தவர்கள்கூட இருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சிலர் உண்டார்கள். அத்தனை திடமானவர்களுக்கே அந்தக் கதி என்றால், பகல் முழுவதும் பட்டினி கிடக்கும் உங்கள் உடல், இரவு இரண்டு மணிக்குப் பாக்கியை வசூலிக்க வருவதில் வியப்பென்ன?

தூக்கக் குறைவும் இதற்குத் துணைபோகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, பத்து மணி நேரம் படுத்த நாட்களைவிட, ‘போதும்’ என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது.

கொரோனா பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. 2023 மே 5ஆம் தேதி அதே நிறுவனம் அந்தத் தொற்றுக்கான சுகாதார அவசரநிலையை விலக்கிக்கொண்டது; ஆனால் அந்த அறிவிப்பு உங்கள் நெஞ்சுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அதோடு, வகுப்பறையாகிப்போன கட்டில் விழித்திருக்கும் இடமென்று மூளைக்குப் பழகிவிட்டது.

எனவே இரவைச் சரிசெய்ய முயலாமல் காலையிலிருந்து தொடங்குங்கள். எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிறகு மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, பசிக்காவிட்டாலும். முந்தைய இரவு மிகுதியாகத் தின்றிருந்தாலும் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. மிகக் கடினமான படி இதுதான். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கட்டிலில் புத்தகமும் கைபேசியும் வேண்டாம். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் எழுந்து வேறிடத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காபி, தேநீர் நண்பகலோடு போதும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

அடக்க முடியாமல் உண்பது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதங்களுக்கு நேர்ந்தாலே மருத்துவம் அதைக் கவனிக்க வேண்டிய கோளாறாகப் பார்க்கிறது. உங்களுக்கு அது இரவுதோறும் நேர்கிறதென்று தோன்றுவதால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சுச் சிகிச்சை, தூக்கமின்மைக்கும் இதற்கும் நல்ல பலன் தருகிறது. தின்றதை வாந்தியெடுக்க முயல்வது, பேதி மருந்து எடுப்பது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கென்று தள்ளாதீர்கள். போகும்போது இந்தக் கடிதத்தின் நகலையே எடுத்துச் செல்லுங்கள். நேரில் வாய் வராத அனைத்தையும் அதில் நீங்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள்.