மடகாஸ்கரா, போட்ஸ்வானாவா: எங்கே இழப்பு மீளாதது?

கேள்வி: முதுகலைப் புவியியல் ஆய்வேட்டுக்காக மடகாஸ்கரையும் போட்ஸ்வானாவையும் ஒப்பிடுகிறேன். காலநிலை மாற்றத்தால் எந்த நாட்டின் சூழல் மண்டலம் அதிகம் பாதிக்கப்படும் என்பதை நாடுகளின் தரவரிசைப் பட்டியலைக் கொண்டு முடிவு செய்யலாமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகப் பட்டியலில் பாதிப்பை அளக்கும் பகுதியில் உணவு, நீர், உடல்நலம், குடியிருப்பு, உள்கட்டமைப்பு ஆகியவற்றோடு சூழல் மண்டலம் ஆறு துறைகளில் ஒன்றுதான். நாட்டின் நிர்வாகமும் பொருளாதாரமும்கூட அதில் மதிப்பெண் பெறுகின்றன. போட்ஸ்வானா அங்கே முந்தி நிற்பதால் அதன் சதுப்புநிலங்கள் நலமாக இருக்கின்றன என்று பொருளாகாது.

நல்ல இணையைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு நாடுகளின் பரப்பும் ஏறத்தாழ ஒன்று: 5.8 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டிலும் மூன்றைக் கேளுங்கள்: என்ன தாக்குகிறது, எவ்வளவு வலிக்கிறது, தப்பிக்க வழி இருக்கிறதா? மூன்றாவதைத்தான் மாணவர்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவுக்கு உயிர் கொடுப்பது அங்கோலா மேட்டுநிலத்து மழை. அந்த நீர் நமீபியா வழியாகப் பல மாதங்கள் பயணம் செய்து, உள்ளூரில் வறட்சிக் காலமான ஜூன்–ஆகஸ்டில் டெல்டாவை நிரப்புகிறது. சுற்றிலும் புல் காயும் நேரத்தில் யானைகள் அங்கே திரள்வது இதனால்தான். கடலைச் சேராத நீர் அது; பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆகவே வெப்பம் கூடினால் டெல்டாவின் இருப்பே கரையும். போட்ஸ்வானாவின் மழையளவை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. 2019 வறட்சியில் டெல்டாவை ஒட்டிய நகாமி ஏரி வற்றியது.

தப்பிக்க வழி? சமவெளி, மக்கள் நெருக்கம் குறைவு, விலங்குகள் நடக்கலாம். ஆனால் மாட்டுக்குக் கோமாரி பரவாமலிருக்கப் போட்ட கம்பிவேலிகள் குறுக்கே நிற்கின்றன. 1980களின் வறட்சியில் நீர் தேடி வந்த வில்டபீஸ்ட்டுகள் (மாடு போன்ற மான் இனம்) கலஹாரி வேலியோரம் ஆயிரக்கணக்கில் மடிந்தன. வேலி வறட்சியைக் கொண்டுவரவில்லை, வழியை அடைத்தது. உங்கள் வரைபடத்தில் வேலிகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

மடகாஸ்கரில் நிலைமை கடுமையானது. இயற்கையாக வேறெங்கும் வாழாத, குரங்கின் உறவினங்களான லெமூர்களின் 107 இனங்களில் 103 அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020இல் அறிவித்தது. தீவு என்பதால் வெப்பம் கூடினால் மலையேறுவதுதான் வழி. சாரதனானா மலையில் 1993க்கும் 2003க்கும் இடையே தவளைகளும் ஊர்வனவும் மேல்நோக்கி நகர்ந்தது பதிவாகியுள்ளது. உச்சிக்கு மேல் இடமில்லை. 1953 முதல் 2014 வரை இயற்கைக் காட்டில் சுமார் 44 விழுக்காடு அழிந்துவிட்டதால், எஞ்சிய துண்டுகளைத் தாண்டி வேறு காட்டுக்குப் போவதும் கடினம். அந்தத் துண்டுகளைப் புயல்கள் வேறு தாக்குகின்றன.

ஒரு எச்சரிக்கை. தெற்கு மடகாஸ்கரின் 2019–21 வறட்சியைக் காலநிலை மாற்றத்தின் பஞ்சம் என்றே உலகம் பேசியது. ஆராய்ந்த விஞ்ஞானிகளோ, மழைக்குறைவில் அதன் பங்கு சிறியது, இயற்கையான ஏற்ற இறக்கமே பெரிது என்றார்கள். எல்லா இழப்பையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

மீள முடியாத இழப்பை அளவுகோலாகக் கொண்டால், என் முடிவு மடகாஸ்கர்தான். அங்கோலாவில் நல்ல மழை பெய்தால் ஒகவாங்கோ மீண்டும் நிரம்பும். அழிந்த லெமூர் திரும்பாது. ஆனால் முழு நாடுகளை ஒப்பிடாமல், ஒகவாங்கோவையும் மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு, ஆறு போட்ஸ்வானாவுக்குள் நுழையும் மொஹெம்போவின் நீரோட்டப் பதிவுகளை வெப்பநிலையோடு பொருத்துங்கள். பின்னதற்கு, காட்டுத் துண்டுகளின் வரைபடத்தை மலை உயரத்தோடு பொருத்துங்கள்.