ஃபேன்டஸி நாவல் படிக்கும் இன்னொருவரோடு புத்தகப் பரிந்துரைகளை மாற்றிக்கொண்டதுண்டா? எதைக் கொடுத்தீர்கள், எது கிடைத்தது?

உண்டு. ஐந்து வருடமாக நடக்கிறது. செங்கல்பட்டு - கடற்கரை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்து வரும் ஒரு அக்காவோடு. நான் வைத்திருந்த புத்தகத்தின் அட்டையை ஒருநாள் குனிந்து பார்த்தவர், "டிராகன் கதையா? எனக்கு உசுரு" என்றார். அப்படித் தொடங்கியது.

முதலில் நான் கொடுத்தது ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையின் முதல் பாகம். 1990-இல் ஆரம்பித்து 14 பாகம் போன கதை. 2007-இல் ஜோர்டன் இறந்துபோக, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-இல் முடித்தார். கல்லூரி நாட்களில் நான் அதிலேயே குடியிருந்தேன், அதனால் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. நடுவில் ஒரு பழைய சீசன் டிக்கெட் செருகியிருந்தது. அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. "இது உனக்குப் புடிச்ச புக்கும்மா. சரி, நீ எந்தக் கதைய பாதியில விட்ட, ஏன் விட்ட, அத மொதல்ல சொல்லு" என்றார்.

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. போர்க்களம் அத்தியாயம் அத்தியாயமாக நீளும்போது எனக்குச் சலித்துவிடும், ஒரு ஆளோடு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போகிற கதை என்றால் எத்தனை பக்கமானாலும் படிப்பேன் என்று சொன்னேன். அவர் விட்டது டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. பெயர்களும் பாட்டுகளும் அவருக்கு ஏறவில்லை. "ஆனா அவங்க நடந்து போற எடமெல்லாம் ரொம்பப் புடிச்சுது. மழை, காடு, பசி, எல்லாம்."

அடுத்த வாரமே அவர் கொண்டுவந்தது ராபின் ஹாப்பின் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்', 1995-இல் வந்தது. இளவரசனுக்கு முறைதவறிப் பிறந்த ஆறு வயதுப் பையனை, அவனுடைய தாத்தாவே கோட்டைக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார். குதிரைக் கொட்டடிக்காரர் அவனை நாய்களோடு படுக்க வைக்கிறார். அந்தப் பையனே வளர்ந்தபின் உட்கார்ந்து எழுதுகிற கதை. ஒரு நாய்க்குட்டியின் மனசுக்குள் அவன் நுழைகிற இடத்தைப் படித்தபோது நான் இறங்க வேண்டிய கிண்டி போய்விட்டது. அந்த உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள் இருக்கின்றன. முழுவதும் படித்து முடித்துவிட்டேன்.

நான் கொடுத்தது உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968-இல் வந்தது, கைக்கு அடக்கமான புத்தகம், தீவுகளால் ஆன உலகம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு உண்மைப் பெயர் உண்டு, அதை அறிந்தவனுக்கு அதன்மேல் ஆளுகை உண்டு என்பதுதான் அங்கே மந்திரம். தொடக்கத்தில் ஒரு சிறுவன், பெரியம்மாவோ சித்தியோ சொல்லக் கேட்ட ஒரு வரியை ஆடுகளைப் பார்த்துக் கத்துகிறான். ஆடுகளெல்லாம் வந்து அவனை நெருக்கிக்கொண்டு, விலகவே மாட்டேன் என்கின்றன. பயந்து அழுகிறான். அக்கா நாலே நாளில் முடித்துவிட்டார். முன்பக்க வரைபடத்தில் கோன்ட் தீவிலிருந்து ரோக் தீவுக்கு மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. "அழிச்சிடறேன்" என்றார், வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் அதிகம் பேசியது சண்டைகளைப் பற்றி அல்ல, ஓகியான் என்ற குருவைப் பற்றி. மழையைத் திருப்பிவிடத் தெரிந்தவர், அதைப் பெய்ய விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். "சக்தி இருந்தும் சும்மா இருக்கார் பாரு" என்று இரண்டு ஸ்டேஷன் தூரம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சிறுவன், கெட், செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் கறுப்பன் என்பதையும் அவர்தான் முதலில் சுட்டிக்காட்டினார். பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையனாக வரைந்ததை லெ குவின் நெடுங்காலம் எதிர்த்துவந்தார். இரண்டு முறை படித்தும் நான் அவனுடைய நிறத்தைக் கவனிக்காமல் போயிருக்கிறேன். அம்புலிமாமா பார்த்து வளர்ந்தவளுக்கு அது எப்படித் தப்பியது என்று இன்றும் வருத்தம் உண்டு.

எல்லாம் பொருந்தவில்லை. டெர்ரி பிராட்செட் அவருக்கு உயிர். பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையிலுள்ள 41 நாவல்களில் முதலாவதை விட்டு 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' தொடங்கி வாசி என்றார். வாசித்தேன், ரசித்தேன், ஆனால் தொடரவில்லை. சுசானா கிளார்க்கின் 'பிரனேசி'யை (2020) மட்டும் இருவரும் ஒரே வாரத்தில் படித்தோம். முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் ஏறி இறங்கும் கடல், அந்த ஓதங்களை நோட்டில் கணக்கு வைக்கும் ஒரு மனிதன். இதற்குமேல் கதையைச் சொன்னால் பாவம்.

நீங்களும் யாரோடாவது மாற்றிக்கொள்வதாக இருந்தால், அவர் பாதியில் விட்ட புத்தகங்களைக் கேளுங்கள். பிடித்ததைக் கேட்டால் ஊரறிந்த நாலு பெயர்கள்தான் வரும். வரிசைப் புத்தகம் கொடுத்தால், முதல் பாகம் தனியாக நின்று முடிகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். எர்த்ஸீ அப்படி முடியும். 'வீல் ஆஃப் டைம்' முடியாது.

போன மாதம் அவர் என்னிடம் திணித்தது 'டெஹானு'. எர்த்ஸீயின் மூன்றாம் பாகம் வந்து 18 வருடம் கழித்து, 1990-இல் லெ குவின் எழுதியது. இருபது வயதில் படித்து, மந்திரமே இல்லையே என்று நான் ஒதுக்கிய புத்தகம். நடுவயது விதவை ஒருத்தி, ஆடுகள், தீயில் வெந்த ஒரு குழந்தை, பாத்திரம் கழுவுவது பெண்கள் வேலை என்று நினைக்கும் மகன். "இப்ப உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல, இப்பப் படி" என்றார். பாதி தாண்டிவிட்டேன். அந்தக் குழந்தை, வெந்த பக்கத்து முகத்தை மறைத்துக்கொண்டு அவள் பாவாடையைப் பிடித்தபடியே நிற்கிறாள். நாளைக் காலை அக்கா கூடுவாஞ்சேரியில் ஏறியதும் முதலில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.