சேலை மட்டும் போதாது, தையல் கூலியும் சேரவேண்டும்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சபையின் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் நாங்கள். சென்ற ஆண்டு டிசம்பர் 24 மாலை ஆலய வளாகத்தில் மேடை போட்டு, நாற்பது ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 10 கிலோ அரிசியும் ஒரு சேலையும் கொடுத்தோம். பதினொரு குடும்பங்கள் வரவே இல்லை. வந்தவர்களில் சிலர் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். இந்த ஆண்டு ஐம்பது குடும்பங்களுக்குச் செய்ய ஆசை. இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தையற்காரரிடமிருந்து தொடங்குங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப் போல ஒரு குழுவில் இருந்தேன். எழுபது சேலைகள் வாங்கி, டிசம்பர் 23 அன்று பெருமையாகக் கொடுத்து முடித்தோம். 25 காலை ஆராதனையில் பார்த்தால், எங்களிடம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பழைய சேலையில்தான் நின்றார்கள். ஒரு அம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ரவிக்கைத் துணி சேலையோடுதான் வந்தது, அதைத் தைக்க நாள் எங்கே இருந்தது, உள்பாவாடையும் அந்த நிறத்தில் இல்லை என்றார். புதுச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அது பொங்கலுக்கு உதவியிருக்கும், கிறிஸ்துமஸுக்கு உதவவில்லை.

டிசம்பர் முதல் வாரம் தாண்டிவிட்டால் நம் ஊர்த் தையற்காரர்கள் புதுத் துணியைக் கையில் வாங்கமாட்டார்கள். ஆகவே சேலை நவம்பர் கடைசிக்குள் வீடு போய்ச் சேரவேண்டும். கூடவே ரவிக்கை தைக்கும் கூலி, உள்பாவாடை, ஓரம் அடிக்கும் செலவு எல்லாம் உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். பட்டியலில் உள்ள பெண்களிலேயே தையல் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ஐம்பது ரவிக்கைகளில் பாதியை அவரிடம் கொடுத்தால், அவருடைய கிறிஸ்துமஸ் செலவை அவரே சம்பாதித்துக்கொள்வார். அந்தக் காசுக்கு இருக்கும் ருசி நாம் கொடுக்கும் பைக்கு வராது.

அடுத்தது மேடை. அதை இந்த ஆண்டு எடுத்துவிடுங்கள். பதினொரு குடும்பங்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்தீர்களா? எனக்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, கூலி. நம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பணம். தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பாட்டு, நன்றியுரை என்று மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்தால் அவர்கள் சில நூறு பீடிகளை இழக்கிறார்கள். இன்னொன்று, மானம். பெயரைக் கூப்பிட, மேடையேறி, கேமராவைப் பார்த்துப் பையை வாங்கவேண்டும். அதே தெருவில் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பையன் படிக்கும் வகுப்பின் பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அண்ணன் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதை நினைத்துக்கொள்ளுங்கள். (கல்யாணச் சீர் மேளத்தோடு போகும், அதைச் சொல்லவில்லை.) ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இறங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருகிறானே, அந்தச் சீர். உங்கள் பையும் அப்படியே போகட்டும். இருவர் இருவராகப் பிரிந்தால் ஆறு ஜோடி. ஒரு ஜோடிக்கு எட்டு ஒன்பது வீடுகள். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண் இருப்பது நல்லது. படம் எடுக்க வேண்டாம். நன்கொடையாளர் படம் கேட்டால், கட்டி அடுக்கிய பைகளைப் படமெடுத்து அனுப்புங்கள், முகங்கள் வேண்டாம்.

இனிப் பட்டியல். பாதி வேலை இதுதான், சென்ற ஆண்டுச் சண்டையின் வேரும் இதுதான். சபைப் பதிவேட்டைப் பார்த்து எழுதும் பட்டியலில், ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்கள் இருப்பார்கள். உண்மையாகவே முடியாதவர்கள் பல நேரம் ஆராதனைக்கும் வருவதில்லை. ஆயரிடமும் உபதேசியாரிடமும் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஆகிய மூவரிடமும் தனித்தனியாக, "உங்கள் கண்ணில் படும் பத்து வீடுகளைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு பேர் வாயில் வரும் பெயர் முதலில் இடம்பெறட்டும். சம்பாதிக்கிறவர் படுக்கையில் கிடக்கும் வீடு, கணவனை இழந்தவர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி, மழையில் செங்கல் சூளை நின்றுபோய் வேலை இல்லாத குடும்பம் என்று அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். ஆதார் நகல் கேட்காதீர்கள், சோற்றுக்கும் துணிக்கும் அது எதற்கு? பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரு நோட்டு, அதை வைத்திருக்க ஒருவர், அவ்வளவுதான். ஐம்பதுக்குத் திட்டமிட்டால் ஐந்து பைகள் கூடுதலாக இருக்கட்டும். கடைசி நேரத்தில் ஒரு வீட்டைப் பற்றி யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

பட்டியலில் பிற மதத்தாரும் இருக்கட்டும். பையோடு துண்டுப் பிரசுரம் வைப்பது, ஜெபத்துக்கு வந்தால்தான் தருவோம் என்பது இரண்டும் வேண்டாம். அது கொடுப்பதைக் கூலியாக்கிவிடும், வீண் பேச்சுக்கும் இடம் கொடுக்கும். நம் பேரணாம்பட்டு, ஆம்பூர் முஸ்லிம் வீடுகளில் ரம்ஜான் ஃபித்ரா என்னும் தர்மம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்து முடிக்கவேண்டும் என்பது அதன் விதி. ஏழையும் அந்த நாளைப் பண்டிகையாகக் கொண்டாடவேண்டும் என்பதற்காகவே அப்படி. நாம் 24 மாலை இருட்டும் வரை மைக் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பைக்குள் என்ன வைப்பது? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி இலவசம். நீங்கள் கொடுத்த 10 கிலோவுக்கு முகம் மலராததில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் சாப்பாட்டு அரிசி இருக்கிறது, பிரியாணி அரிசிதான் இல்லை. நம் ஊரில் கிறிஸ்துமஸ் மதியம் என்றால் பிரியாணிதான், அதற்குச் சீரகச் சம்பா வேண்டும். இரண்டு கிலோ சீரகச் சம்பா, ஒரு லிட்டர் எண்ணெய், பட்டை கிராம்பு ஏலக்காய் போட்ட ஒரு சின்னப் பொட்டலம், இஞ்சி பூண்டு, டீத்தூள், சர்க்கரை, குளியல் சோப்பு, ஒரு கேக். கறியை முன்னதாகக் கொடுக்க முடியாதே என்பீர்கள். தெருக் கோழிக்கடைக்காரரிடம் ஐம்பது பேருக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, அவர் முத்திரை குத்திய சீட்டு ஒன்றைப் பையில் வையுங்கள். 25 காலை அந்தச் சீட்டைக் கொடுத்து மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் குழுவில் இதை ஆரம்பித்தபோது, கடைக்காரர் தன் பங்குக்கு ஈரலைச் சேர்த்துக் கொடுத்தார்.

பிள்ளைகளின் உடையை வயதைக் கேட்டு வாங்காதீர்கள். சத்துக் குறைவால் எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுபோல இருக்கும். முதல் முறை வீட்டுக்குப் போகும்போது ஒரு நூலுண்டை எடுத்துப் போங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை நூலை வைத்து ஒரு முடிச்சு, மார்பைச் சுற்றி வைத்து இன்னொரு முடிச்சு. நூலை அறுத்து, குழந்தையின் பெயர் எழுதிய தாளில் சுற்றிவிடுங்கள். கடையில் சட்டையின் மேல் அந்த நூலை வைத்துப் பார்த்து, இரண்டு விரல் கூடுதலாக எடுத்தால் போதும். என்ன நிறம் பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும், மீதிப் பாதி உங்களை விடாது. அப்பாக்களையும் தாத்தாக்களையும் எல்லாக் குழுக்களும் மறந்துவிடுகின்றன. குடியாத்தம் லுங்கி ஒன்றும் துண்டு ஒன்றும் போதும், மகிழ்ந்துபோவார்கள்.

பழைய துணி வசூலிப்பதாக இருந்தால், துவைத்து இஸ்திரி போட்டதை மட்டும் வாங்குங்கள். நீங்கள் உடுத்தத் தயங்குவதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டு மறுநாள் குப்பைத்தொட்டி தேடி அலைந்தது எனக்குப் போதும்.

பணத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு நான் போடும் உத்தேசக் கணக்கு இது: சேலை 450, தையலும் உள்பாவாடையும் 200, இரண்டு பிள்ளைகளின் உடை 1,000, மளிகை 600, கோழி 250. ஆக 2,500 ரூபாய். ஐம்பது குடும்பங்களுக்கு 1,25,000. கூடுதல் ஐந்து பைகளையும் ஆட்டோ செலவையும் சேர்த்தால் 1,40,000 வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த ஆயிரத்தைப் போர்வைக்கும் லுங்கிக்கும் திருப்பலாம். திரட்ட முடிந்தது எண்பதாயிரம்தான் என்றால் முப்பது குடும்பங்களோடு நிறுத்துங்கள். ஐம்பதுக்குப் பங்கு போட்டுப் பையைச் சுருக்காதீர்கள்.

தனி ஒருவரின் கூகுள் பே எண்ணில் பணம் வாங்கவேண்டாம். நாளைக்கு அவர் மேல்தான் பழி விழும். சங்கத்தின் பெயரில் இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு இருந்தால் அதன் கியூஆர் அட்டையை வையுங்கள், இல்லையென்றால் சேகரத்தின் (உங்கள் சபை சேர்ந்திருக்கும் சபைத் தொகுதியின்) கணக்கில் வாங்கி ரசீது கொடுங்கள். வரிச்சலுகை உண்டு என்று நன்கொடையாளருக்கு வாக்குக் கொடுக்கும்முன் பொருளாளரைக் கேளுங்கள். அந்தச் சலுகை முழுக்க மதப் பணிக்கென்று இருக்கும் அமைப்புக்குக் கிடைக்காது. அனுமதி பெற்ற அறக்கட்டளைக்கே கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை.

வேலூரில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். துபாயில் வேலை செய்யும் அண்ணன் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் ஆகும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. மாமா மனம் வருந்தினாலும் சரி.

கேரல் பவனியில் வசூலிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்டியலை மூடி முத்திரை வைத்து எடுத்துப் போய், அன்று இரவே மூன்று பேர் முன் எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வும் நடக்கும். பாட்டு இனிமையாக இருந்தாலும் ஒன்பதரைக்கே முடித்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டத்தை நம் ஊரில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. சிஎம்சியில் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து, மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதி அறைகளில் வாரக்கணக்கில் தங்கி, ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். மிசோரம், நாகாலாந்துக்காரர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அந்தப் பத்துக்குப் பத்து அறையில்தான். வார்டுக்குள் நுழையாதீர்கள், நோயாளிக்கு உணவு கொடுக்காதீர்கள். விடுதி மேலாளரிடம் பேசி, துணைக்கு வந்தவர்களில் பத்துப் பேரை 25 மதியம் உங்கள் வீடுகளுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இதற்குப் பையும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம்.

பீஞ்சமந்தை மலைக் கிராமங்களுக்குப் போர்வை கொண்டுபோக வேண்டும் என்று உங்களில் யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், குளிரும் உண்மைதான். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். முதலில் நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஐம்பது வீடுகளை ஒழுங்காக முடியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஓயாது. மளிகையைத் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பிள்ளைகளின் உடை டிசம்பர் 10 வாக்கில் போகட்டும். மளிகைப் பையை 21, 22 தேதிகளில் கொண்டுபோங்கள். 23ஐ மழைக்காக விட்டுவையுங்கள். 24 மாலை உங்களுக்கு வேலையே இருக்கக்கூடாது.

அடுத்த கூட்டத்தின் தேதியை இன்னும் வைக்கவில்லை என்றால், முதலில் இரண்டு தையற்காரர்களைப் போய்ப் பாருங்கள். ஐம்பது ரவிக்கைகள், கடைசியாக என்றைக்குத் துணி கொடுக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.